கூலி கொடுத்தோம் — பெயர் எதற்கு?

குறுந்தொகையைப் புரட்டிப் பார்த்தோர் அறிவர். அந்நூலிற் பாடிய புலவர் சிலருக்கு விந்தையான பெயர்கள் வழங்குகின்றன. செம்புலப்பெயல்நீரார் என்றொருவர். அணிலாடு முன்றிலார் என்றொருவர். நற்றிணையிலே தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று இன்னொருவர். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. பாடல் கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அந்நிலையில், பாடலிலேயே ஒளிவிடும் தொடரை எடுத்து, அதனையே பாடியவருக்குப் பெயராகச் சூட்டினர் தொகுத்தோர் என்பர் அறிஞர். 'தெரியவில்லை' என்று கைவிரித்திருக்கலாம். 'யாரோ ஒருவர்' என்று எழுதி ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. படைப்பு இருக்கிறது, ஆகவே படைத்தவர் ஒருவர் இருந்தார், அவரை அடையாளம் அற்றவராக நிறுத்துதல் முறையன்று என்று எண்ணிற்று அந்த நல்ல நெஞ்சம்.

பெயர் தெரியாத இடத்திலும் பெயரைத் தேடிச் சூட்டிய கதை அது. பெயர் நன்றாகத் தெரிந்திருந்தும், மாதந்தோறும் சம்பளப் பட்டியலிலே எழுதப்பட்டு வந்தும், அந்தப் பெயரை ஐம்பது ஆண்டுக் காலம் திரையிலே காட்டாமல் வைத்திருந்த கதையும் ஒன்று உண்டு. நடந்த இடம் இலண்டன். நடந்த காலம் அறிவியல் செழித்த இருபதாம் நூற்றாண்டு. மறைத்தவர் கொடுங்கோலரும் அல்லர். உலகம் மெச்சிய ஒலிபரப்பு நிறுவனத்தார். அதனாலேதான் இக்கதை நம் சிந்தனைக்கு உரியதாகிறது. தீயவர் செய்யும் தீமையை இனங்காணுதல் எளிது. நல்லவர் கூடி, விதிமுறை வகுத்து, ஒழுங்காகக் கோப்பு எழுதிச் செய்யும் தீமையைக் காண்பதற்கு அல்லவா கண் வேண்டும்!

1963ஆம் ஆண்டு, நவம்பர் 23. பி.பி.சி. தொலைக்காட்சியிலே 'டாக்டர் ஹூ' எனும் தொடர் தொடங்கிற்று. காலத்தைக் கடந்து உலவும் ஒருவரைப் பற்றிய கற்பனைக் கதை. கதைக்கு முன்னே முகப்பிசை எழுந்தது. அடியிலே குதிரை பாய்வது போன்றதொரு துடிப்பு. மேலே, ஊளையிட்டபடி வழுக்கிச் செல்லும் ஒரு மெட்டு. இடையிடையே காற்றே குமிழியிட்டு வெடிப்பது போன்ற ஓசை. குழலா? பிடிலா? பியானோவா? எதுவும் அல்ல. எந்த இசைக் கருவியின் முகமும் அதில் தெரியவில்லை. கேட்டவர் திகைத்தனர், மறக்க முடியாமல் தவித்தனர்.

மெட்டை எழுதியவர் ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர். ஒரே ஒரு தாளில் அதனை எழுதினார். சுரங்களோடு, 'காற்றுக் குமிழி' 'மேகம்' என்பன போன்ற குறிப்புச் சொற்களும் அதிலே இருந்தன. மேகம் என்று எழுதிவிடுதல் எளிது. மேகம் எப்படி ஒலிக்கும்? அந்தத் தாளை ஒலியாக்கும் பணி, பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் பட்டறையிலே வேலை பார்த்த டெலியா டெர்பிஷயர் என்ற 26 வயது நங்கையிடம் வந்தது. துணைக்கு டிக் மில்ஸ் என்ற உதவியாளர். டெலியா, காவன்ட்ரி நகரத்துப் பெண். கேம்பிரிட்ஜிலே கணிதமும் இசையும் பயின்றவர். 1940இல் செருமானிய விமானங்கள் காவன்ட்ரியைத் தகர்த்தபோது குழந்தை. ஆபத்து வருகிறது என்றும், ஆபத்து நீங்கிற்று என்றும் அறிவித்த சங்கொலிகளே தமக்கு முதன்முதலில் அருவ ஒலியின்மீது பற்றை ஊட்டின என்று பின்னாளில் அவரே கூறினார்.

அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகவே காண வேண்டும். ஏனெனில், வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இன்று விசையை அழுத்தினால் வேண்டிய ஒலியை எழுப்பும் மின்னணு இசைக் கருவிகள் கடைதோறும் கிடைக்கின்றன. அன்று அந்தப் பட்டறையில் அப்படி ஒன்றும் இல்லை. டெலியா, பலகையில் இழுத்துக் கட்டிய ஒரு தந்தியை மீட்டினார். அந்த ஒரே ஒலியை ஒலிநாடாவில் பதிந்தார். நாடாவை விரைவாக ஓட்டினால் சுரம் உயரும். மெதுவாக ஓட்டினால் தாழும். இவ்வாறு வேண்டிய சுரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெற்று, தனித்தனி நாடாத் துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டினார். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுமானால், அரை நொடி நீளும் சுரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு வேண்டும். கால் நொடிக்கு அதில் பாதி. காலம் நீளமாக மாறிற்று. தாளம் அளவுகோலால் அளக்கப்பட்டது. இசை கத்தரிக்குள் வந்தது!

மேலே வழுக்கிச் செல்லும் மெட்டுக்கு, கருவிகளைச் சோதிப்பதற்கென ஒலிபரப்பு நிலையத்தில் வைத்திருந்த மின்னலை எழுப்பிகளைப் பயன்படுத்தினார். அவற்றின் திருகைக் கையாலேயே திருப்பித் திருப்பிச் சுரத்தை வளைத்தார். வானொலியில் நிலையம் கிடைக்காதபோது கேட்குமே ஓர் இரைச்சல், அத்தகைய இரைச்சலை வடிகட்டி 'மேகம்' செய்தார். இத்தனையும் வெவ்வேறு நாடாக்களில் இருந்தன. பல தடங்களை ஒருங்கே பதியும் கருவி அவர்களிடம் இல்லை. ஆகவே, நாடாப் பொறிகள் பலவற்றை ஒரே நொடியில் கையால் முடுக்கி, அவை இணைந்து ஓடுமாறு செய்து, இன்னொரு நாடாவில் பதிந்தனர். எங்கோ ஒரு சுரம் இடறிற்று. எங்கே பிழை? நாடாக்களை நீண்ட தாழ்வாரத்திலே அருகருகே விரித்தனர். ஒட்டுக்கு நேர் ஒட்டு வருகிறதா என்று நடந்து பார்த்துக் கொண்டே சென்று, விலகி நின்ற ஒட்டைக் கண்டுபிடித்துத் திருத்தினர். நெசவாளி பாவை விரித்து அறுந்த இழையைத் தேடுவானே, அதே வேலை.

முடிந்ததும் கிரெய்னர் வந்து கேட்டார். இதையா நான் எழுதினேன் என்று வியந்து வினவினார். பெரும்பகுதியை எழுதியவர் நீங்கள்தாம் என்று டெலியா மறுமொழி தந்தார் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. கிரெய்னர் பெருந்தன்மையாளர். வரும்படியில் பாதியை டெலியாவுக்குத் தரவும், தம்மோடு இணைந்து இயற்றியவர் என்று அவர் பெயரை அறிவிக்கவும் விரும்பினார். நிறுவனம் இசையவில்லை. பட்டறையில் பணிபுரிவோர் பெயர் வெளியிடப்படாது என்பது விதி. கிரெய்னர் பெயரும், அதனோடு 'ரேடியோஃபோனிக் பட்டறை' என்ற பொதுப் பெயருமே திரையில் தோன்றின. டெலியாவின் பெயர் அந்தத் தொடரின் திரையில் முதன்முதலாகத் தோன்றியது 2013இல். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கென எடுத்த சிறப்புக் கதையில். அவரோ 2001இலேயே இறந்துவிட்டார்.

இடையிலே அவர் வாழ்வு எப்படிப் போயிற்று? 1973இல் பி.பி.சி.யை விட்டு விலகினார். எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியிலே வானொலிச் செய்தி இயக்குபவராகக் கூட வேலை பார்த்தார். மறைந்த பின்னர், அவர் வீட்டு மாடியிலே, காலை உணவுத் தானியம் வரும் அட்டைப் பெட்டிகளில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. அவை இன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன. பெட்டியிலே இசை இருந்தது. பெட்டிக்கு வெளியே இசைத்தவருக்கு இடமில்லை.

இதிலே என்ன தவறு என்று கேட்பார் உளர். அவர்கள் கேட்பதைச் செவிமடுப்போம். ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்ப்போம்.

"கூலி கொடுத்தோம், பெயர் எதற்கு?" — இது முதற் கேள்வி. வலிமையான கேள்வியும் கூட. சம்பளத்துக்குப் பணிபுரிந்தவர் அவர், செய்த பொருள் நிறுவனத்துக்கு உரியது, ஒப்பந்தம் அப்படி. சரி. உழைப்பை விலைக்கு வாங்கலாம். பொருளின்மீதுள்ள உரிமையையும் ஒப்பந்தத்தால் வாங்கலாம். அது நயமானதா என்பது வேறு வழக்கு. ஆனால், 'இதைச் செய்தவர் இவர்' என்பது உழைப்பும் அன்று, உடைமையும் அன்று. அது ஒரு செய்தி. மெய்யாக இருக்கும், அல்லது பொய்யாக இருக்கும். மெய்யை விலைக்கு வாங்க எந்தக் கருவூலத்தாலும் இயலாது. கூலி கொடுத்தவன் வீட்டின் உரிமையாளன் ஆகலாம். அவ்வீட்டைக் கட்டிய கொத்தன் ஆகிவிட முடியுமா? ஆகவே, பெயரை மறைத்தல் சிக்கனமும் ஆகாது, நிருவாக வசதியும் ஆகாது. அது உண்மைக்கு மாறான அறிவிப்பு. இதுவே நம் வழக்கின் அச்சாணி.

"எழுதியவர்தாமே படைப்பாளி? டெலியா, எழுதியதை நிறைவேற்றிய தொழில்நுட்பப் பணியாளர்தாமே?" — இது இரண்டாம் கேள்வி. இக்கேள்விக்கு விடை காண, ஒலிப்பதிவுக் கூடம் இசையிலே விளைத்த புரட்சியை உணர வேண்டும்.

முன்னாளில் மேல்நாட்டு இசையின் முறை இது: ஒருவர் தாளில் எழுதுவார், மற்றவர் கருவியில் வாசிப்பார். பதிவுக் கருவி வந்த தொடக்கத்தில், நடந்ததை அப்படியே பிடித்து வைக்கும் பெட்டி என்றே அதனைக் கருதினர். பெட்டியையே கருவியாக்கலாம் என்று துணிந்தவர்களுள் மிக முந்தியவர் எகிப்தியரான ஹலீம் எல்-தப். 1944இல் கெய்ரோவில், உருக்குக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியை இரவல் பெற்று, 'சார்' எனும் சடங்கிலே பெண்கள் பாடுவதைப் பதிந்தார். பின்னர் நிலையத்திலே அப்பதிவை எதிரொலி கூட்டியும் கூறுகளைக் குறைத்தும் வேறோர் ஒலிப்பொருளாக மாற்றினார். 1948இல் பாரிசிலே, பிரெஞ்சு வானொலியின் பொறியாளர் பியர் ஷேஃபர், பத்திஞோல் நிலையத்து இரயில் எஞ்சின்களின் ஓசையைத் தட்டுகளில் பதிந்து, வெட்டிக் கோத்து ஓர் இசைப் படைப்பு ஆக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் வானொலியில் அது ஒலித்தது. வரலாறு எழுதியோர் நெடுங்காலம் பாரிசிலிருந்தே கதையைத் தொடங்கினர். கெய்ரோவின் பெயர் பின்னரே ஏறிற்று. பெயர் மறைப்பு தனி ஆளுக்கு மட்டும் நேர்வதன்று; நாட்டுக்கும் நேரும் போலும்!

ஷேஃபர் கண்டறிந்த உண்மைகளுள் ஒன்று இது: மணியோசையைப் பதிந்து, அடிவிழும் அந்தத் தொடக்கக் கணத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால், எஞ்சிய ஒலி மணியாகவே தோன்றாது. பொருள் மறைந்துவிடும், தூய ஒலி நிற்கும். டெலியாவும் அவ்வழியிலே ஒரு பச்சை நிற உலோக விளக்குக் கவிகையைத் தட்டி, தட்டிய கணத்தை நீக்கி, எஞ்சிய ரீங்காரத்தினின்றும் இசை சமைத்தார். இத்தகைய இசையை முன்கூட்டித் தாளில் எழுத முடியுமா? 'விளக்குக் கவிகையின் ரீங்காரம், தொடக்கம் நீங்கலாக' என்பதற்கு எந்தச் சுரக்குறி உண்டு? வெட்டும் கை வெட்டியபோதே காது கேட்டது; காது கேட்டபோதே அறிவு முடிவு செய்தது. எண்ணுதல் வேறு, செய்தல் வேறு என்ற பழைய வேலி அங்கே விழுந்துவிட்டது. வேலி விழுந்த பின்னும், பேனா பிடித்த கை உயர்ந்தது, கத்தரி பிடித்த கை தாழ்ந்தது என்று கணக்கெழுதியது நிறுவனம். ஏன்? பழக்கம்! அறிவு முன்னே சென்றது. பழக்கம் பின்னே நின்றது.

சான்று வேண்டுமா? கிரெய்னரின் அதே மெட்டை 1980இல் பீட்டர் ஹோவெல் என்பவர் புதிய கருவிகளால் மீண்டும் அமைத்தார். பிறகும் பலர் அமைத்தனர். தாள் ஒன்றே, ஒலித்ததோ ஒவ்வொரு முறையும் வேறு. ஆகவே, தாளுக்கு அப்பால் ஏதோ ஒன்று படைக்கப்பட்டிருக்கிறது. அதனைப் படைத்தவர் ஒருவர் இருக்கிறார்.

"பலர் கூடிச் செய்ததற்கு ஒருவர் பெயரையா சொல்வது? எல்லாரையும் சொல்லப் புகுந்தால் மின்கம்பி இழுத்தவன் பெயரையும் சொல்ல வேண்டுமே!" — இது மூன்றாம் கேள்வி. எள்ளல் கலந்திருப்பினும் உண்மையான இடர்ப்பாடு ஒன்றை இது சுட்டுகிறது. எல்லை எங்கே? நாம் ஓர் உரைகல் தருவோம். 'இவர் இருந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால், படைப்பு வேறாக ஒலித்திருக்குமா?' ஆம் எனில், அவர் பெயர் உரியது. மின்கம்பியை யார் இழுத்தாலும் மின்சாரம் ஒன்றே. அவருக்குக் கூலியும் மதிப்பும் வேண்டும், ஆயின் இசைத்தட்டில் பெயர் வேண்டியதில்லை. டிக் மில்சுக்கு வேண்டும். டெலியாவுக்கு வேண்டும். பலர் கூடிச் செய்தனர் எனில், பலர் பெயரையும் சொல்லுங்கள்! 'பட்டறை' என்ற ஒரு சொல்லால் போர்த்தி மூடுவது கூட்டுழைப்பைப் போற்றுதல் ஆகாது. கூட்டத்துக்குள் ஆளைத் தொலைத்தலே ஆகும்.

"பெயர் வேட்கை சிறுமை அன்றோ? பெயர் வேண்டாத கலையே உயர்ந்தது" — இது நான்காம் கேள்வி, இனிக்க இனிக்கப் பேசுவோர் கேட்பது. நாட்டுப்புறப் பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லையே என்பர். ஆம், தன் பெயரைத் தானே விட்டுக் கொடுப்பவர் பெருந்தகை. ஆனால் துறத்தல் வேறு, பறித்தல் வேறு. பசியோடிருப்பவனைப் பார்த்து, 'நோன்பின் மேன்மை அறியாயோ' என்று பேசுவதற்கு ஒப்பாகும் இது. மேலும், பெயர் வேண்டாமை உயர்வு எனில், அந்த உயர்வை எழுதியவருக்கும் தயாரித்தவருக்கும் முதலில் அளித்திருக்கலாமே! கீழ்ப்படியில் நிற்பவருக்கு மட்டும் துறவு போதிப்பது என்ன அறம்?

இங்கே இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1959இல் டெலியா டெக்கா ஒலிப்பதிவு நிறுவனத்திலே வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்களை அமர்த்துவதில்லை என்று விடை கிடைத்ததாக அவர் கூறியிருக்கிறார். அவருக்கு முன்னோடி டாப்னி ஓரம். இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விடுத்து 1942இல் பி.பி.சி.யிற் சேர்ந்து, இத்தகைய பட்டறை வேண்டுமென ஆண்டுக்கணக்காக வாதாடியவர். 1958இல் டெஸ்மண்ட் பிரிஸ்கோவோடு அதனை நிறுவினார். மறு ஆண்டே நிறுவனத்தின் போக்கில் மனம் கசந்து வெளியேறினார். கென்ட் நாட்டுப்புறத்திலே தனிக்கூடம் அமைத்து, படச்சுருளில் கோடு வரைந்து அக்கோட்டையே ஒலியாக்கும் பொறியைத் தம் முயற்சியால் சமைத்தார். பட்டறையின் பெயரற்ற விதி ஆண்களையும் தாக்கிற்று, உண்மை. ஆனால், வாயிலிலேயே மறிக்கப்பட்டவருக்கு, உள்ளே நுழைந்த பின்னும் பெயரில்லை எனும்போது, அடி இரட்டிப்பாகிறது அல்லவா?

இதுவரை நாம் பேசியது பட்டறையிலே உழைத்தவருக்காக. இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிதே முடியும். ஆனால் நேர்மை நிறுத்த விடவில்லை. பட்டறையிலே வெட்டி ஒட்டப்பட்ட அந்த ஒலி யாருடையது? நாடாவின் வெளியே இருந்தவரைப் பற்றிப் பேசினோம். நாடாவின் உள்ளே இருந்தவர் யார்?

1964இல் சான்பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்திலே கறுப்பினச் சமயப் பேச்சாளர் ஒருவர், ஊழி வெள்ளத்தைப் பற்றி முழங்கிக் கொண்டிருந்தார். ஸ்டீவ் ரைக் என்ற இளைஞர் அதனைப் பதிந்தார். மறு ஆண்டு, அப்பேச்சின் ஒரு சிறு தொடரை இரு நாடாச் சுற்றுகளில் ஓடவிட்டு, ஒன்று மற்றொன்றை விட்டு மெல்ல மெல்ல விலகும்படி செய்து, ஓர் இசைப் படைப்பு ஆக்கினார். அதிலிருந்து புதியதொரு இசைநெறியே கிளைத்தது. ரைக்கின் பெயர் இசைக் கல்லூரிகளிலெல்லாம் ஒலிக்கிறது. பேச்சாளரோ 'சகோதரர் வால்ட்டர்' என்ற அளவில் நின்றுவிட்டார். ரைக் தம் குறிப்பிலே சொன்னதால் அதுவாவது மிஞ்சிற்று. கெய்ரோவிலே பாடிய அந்தப் பெண்கள்? ஆடவர் புகக்கூடாத அவர்தம் சடங்கிலே மாறுவேடத்தில் நுழைந்தே ஹலீம் பதிந்தார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். பதிவு நிலைத்தது. பாடியவரிடம் 'பதியலாமா' என்ற கேள்வியே எழவில்லை.

இன்னும் கூர்மையான கதை ஒன்று உண்டு. 1969இல் அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்திலே 'ஏமென், பிரதர்' எனும் இசையைப் பதிந்தது. இடையிலே ஏறத்தாழ ஏழு நொடிக்கு முரசு மட்டும் தனித்து முழங்கும். முழக்கியவர் கிரிகரி கோல்மன். பதிவான ஒலியைத் துண்டாக எடுத்து மீண்டும் மீண்டும் ஓட்டும் கருவிகள் பிற்காலத்தில் வந்தபோது, அந்த ஏழு நொடியை அமெரிக்காவின் ஹிப்-ஹாப் இசைஞர் எடுத்தாண்டனர். இங்கிலாந்தின் ஜங்கிள் இசை அதன்மீதே எழும்பிற்று. ஆயிரக்கணக்கான பாடல்களில் அத்துடிப்பு ஒலிக்கிறது. கோல்மனுக்கு அதற்கென ஒரு காசும் வரவில்லை. 2006இல், வீடும் இன்றி வறுமையில் அவர் மாண்டார் என்று குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கூறினார். 2015இல் பிரிட்டனின் இசைஞர்கள் மனச்சான்று உறுத்த, பொதுமக்களிடம் 24,000 பவுன் திரட்டி ஸ்பென்சருக்கு அளித்தனர். முழக்கிய கை மண்ணுக்குள் போய் ஒன்பது ஆண்டுகள் ஆன பின்பு!

நம் உரைகல்லை இங்கேயும் உரசிப் பாருங்கள். கோல்மன் இருந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் அது வேறாக ஒலித்திருக்குமா? ஒலித்திருக்கும். வால்ட்டர்? ஆம். கெய்ரோவின் பெண்கள்? ஆம், ஆம். பெயர் மறுக்கப்பட்ட அதே ஒலிப்பதிவுக் கூடம், பிறருக்குப் பெயர் மறுக்கும் இடமாகவும் இருந்திருக்கிறது. இழந்தவர் பக்கம் நின்று வாதாடுவோர், தம் கையில் உள்ள நாடாவையும் சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும். அறம் ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தரி அல்ல.

இந்த வழக்கு பழங்கதை அல்ல. அந்நாளில் ஒரு சில பட்டறைகளில் நடந்தது இன்று வீடுதோறும் நடக்கிறது. 1966இல் பீட்டில்ஸ் குழுவினர் நாடாச் சுற்றுகளை ஓடவிட்டு 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலை அமைத்தபோது, பட்டறையின் வித்தை சந்தைக்கு வந்தது. இன்று கணினி வைத்திருக்கும் எந்த இளைஞனும் ஒலியை வெட்டுகிறான், ஒட்டுகிறான், நீட்டுகிறான், திருப்புகிறான். தாழ்வாரம் முழுவதும் நாடா விரித்துச் செய்த வேலையை விரலசைவில் முடிக்கிறான். அதற்கும் மேலே, பதிவான குரல்களைக் கற்றுக்கொண்டு, ஒருவர் பாடாத பாட்டை அவர் குரலிலேயே பாடிக் காட்டும் பொறியும் வந்துவிட்டது. ஒலி மனிதனை விட்டுப் பிரிந்து நிற்கும் வல்லமை வளர வளர, 'யாருடைய ஒலி?' என்று கேட்கும் கடமையும் வளர வேண்டாமா?

"நடைமுறைக்கு ஒவ்வுமா?" என்று இறுதியாக ஐயுறுவோர்க்கு ஒரு சொல். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்திலே ஆஸ்பர்ன் ரட்டக் என்பவர் மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. தம் வீட்டிலேயே சிறு கூடம் அமைத்து, பிறர் பதிந்த பாடல்களினின்றும் குரலை நீக்கி, எதிரொலியைப் பெருக்கி, 'டப்' என்ற புதிய இசையைத் தோற்றுவித்தோருள் தலையாயவர் ஆனார். 'கிங் டபி' என்பது அவருக்கு வழங்கிய பெயர். 1976இல் அகஸ்டஸ் பாப்லோ என்ற இசைஞர் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலேயே அந்தப் பெயர் பொறிக்கப்பட்டது. பெரும்பொருள் படைத்த நிறுவனத்தால் இயலாது என்று சொல்லப்பட்டதை, ஏழை நகரத்துச் சிறு வெளியீட்டாளர் இயல்பாகச் செய்தனர். நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 1949இல் வெளிவந்த 'மகல்' என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டிலே, பாடியவர் பெயர் 'காமினி' என்றிருந்தது. அது கதைப் பாத்திரத்தின் பெயர். மெய்யாகப் பாடியவர் யார் என்று வானொலி கேட்டோர் வினவினர். லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிவந்தது. கேட்டவர்கள் கேட்டார்கள், பெயர் வந்தது. அவ்வளவே!

ஆகவே, பொறுப்பு நிறுவனத்துக்கு மட்டும் அன்று. செவியுடைய நமக்கும் உண்டு. நல்லதோர் இசையைக் கேட்டு மகிழும்போது, பாடியவர் யார் என்று கேட்கிறோம். எழுதியவர் யார் என்று கேட்கிறோம். பதிந்தவர் யார், வெட்டி ஒட்டி வடித்தவர் யார், அடியிலே அதிரும் அந்த முரசு யாருடைய கை என்றும் கேட்போம். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை, சட்டம் வேண்டியதில்லை, உண்மையின்மீது சிறிது பற்று இருந்தால் போதும்.

பெயர் தெரியாத பாடலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாடலுக்குள்ளேயே தேடிப் பெயர் கண்டெடுத்தார்களே, அவர்களிடம் ஒலிநாடா இல்லை, அச்சுப் பொறி இல்லை, பதிவேடு இல்லை. நம்மிடம் எல்லாம் இருக்கின்றன. இத்தனை இருந்தும் ஒரு பெயரைச் சொல்ல ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தது எனில், குறை கருவியில் இல்லை.